மூன்று தேங்காய்க் கோபம்

பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் ராஜபாய் அக்கா தேங்காயை ஓங்கி எறிகிறார். அது சிதறியதும் கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்கிறார். நெஞ்சின் படபடப்பு அடங்கவில்லை என்றால் இன்னொன்று வாங்குவார். தேங்காய்க் கடைக்காரர் எதுவும் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தே எத்தனை என்று எடுத்து வைத்துவிடுவார்.

"இது நேர்ச்சை இல்ல கேட்டியளா. எனக்க வெப்ராளத்துக்கு, கோவத்துக்கு மருந்து" என்பார் ராஜபாய்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒற்றை அடுப்போடு இந்த மலையாள ஊருக்கு வந்தவர். இன்று சாலைத் தெருவில் அவருடைய சமையல் கூடத்தில் முப்பத்தெட்டு பேருக்கு வேலை. பக்கத்தில் பாத்திர வாடகைக் கடை என்னுடையது. முன்பெல்லாம் அவர் போடும் சத்தத்தில் என் அண்டாக்களே அதிரும். ஒருநாள் சாம்பாரில் உப்புக் கரிக்கிறது என்று அஜின் என்ற மேனேஜரை எல்லார் முன்னாலும் திட்டி விரட்டினார். இரண்டாம் முறை உப்புப் போட்டது தானேதான் என்பது மறுநாள்தான் அவருக்கு நினைவு வந்தது. ஆள் அனுப்பியும் அஜின் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து கோபம் வந்தால் வாயைத் திறப்பதில்லை, நேரே பழவங்காடிதான். கூடத்திலுள்ளவர்கள் "அக்காவுக்கு இன்னைக்கு ரெண்டு தேங்கா" என்று ரகசியமாகக் கணக்குச் சொல்வார்கள்.

தொழில் நடத்துபவர்களுக்கான வகுப்பு ஒன்றுக்கும் போய்ப் பார்த்தார். மூச்சை மட்டும் கவனியுங்கள் என்றாராம் டை கட்டிய பயிற்சியாளர். "மூச்சையே பாத்துட்டு நின்னா பருப்பு அடியில பிடிச்சிரும் மக்கா" என்று எழுந்து வந்துவிட்டார்.

போன ஆவணியில் வந்தது சோதனை. இப்போதைய மேனேஜர் கலைச்செல்வி தென்காசிப் பெண். கல்யாண வீட்டார் தேதியை 'சிங்ஙம் எட்டு' என்று சொல்லியிருந்தார்கள். சிங்ஙம் என்றால் நம் ஆவணிதானே என்று அவள் சுவரிலிருந்த தமிழ்க் காலண்டரைப் பார்த்து ஆவணி எட்டு என்று குறித்துவிட்டாள். அந்த வருஷம் மலையாள மாதம் ஒருநாள் பிந்திப் பிறந்திருந்தது. நானூறு பேருக்கான விருந்தோடு வேன் போய் நின்றால் மண்டபம் பூட்டிக் கிடந்தது. கல்யாணம் மறுநாள்.

கலைச்செல்வி தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அஜின் கதை அவளுக்கும் தெரியும். வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான். ராஜபாய் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரமாகியும் ஆளைக் காணவில்லை. "இன்னைக்கு மூணு தேங்கா" என்று கூடத்தில் கணக்குச் சொன்னார்கள்.

திரும்பி வந்தவர், "பிள்ளே, முந்தித்தானே செஞ்சோம். பிந்தியிருந்தா என்ன செய்திருப்போம்?" என்றார். "பையை அங்க வை. இந்தச் சோத்தைத் தம்பானூர் ஆட்டோ ஸ்டாண்டுல குடுக்கச் சொல்லு. சாயங்காலம் மறுபடியும் காய் நறுக்கணும்."

"ரெண்டு திட்டாவது திட்டுங்கக்கா" என்று கலைச்செல்வி அழுதாள்.

அந்நேரம் பார்த்துக் கல்யாணப் பெண்ணின் அப்பா போன் செய்தார். "எல்லாம் ரெடியாணு சாரே, ஒண்ணும் பேடிக்கண்டா" என்று ராஜபாய் சிரித்தபடியே மலையாளத்தில் அவருக்குத் தைரியம் சொன்னார். ராஜபாயின் மறு கை கலைச்செல்வியின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. வளையல் சதையில் அழுந்தியும் கலைச்செல்வி கையை இழுத்துக்கொள்ளவில்லை.