நான் வாயை அடைத்த வீடு

குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அப்படிப்பட்ட நான் ஒரு வீட்டின் பேச்சையே நிறுத்தியிருக்கிறேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாலு வயதுப் பெண். பத்து வார்த்தைகூடத் தேறாது. சின்ன காஞ்சிபுரத்தில் தறி போட்டிருக்கும் குடும்பம்; வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். தாய் ஆந்திராவில் நகரி ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், தமிழில் தடுமாறுவாள். "ரெண்டு பாஷையில குழந்தை குழம்புது, வீட்லயும் தமிழே பேசச் சொல்லுங்க" என்றார் பள்ளி ஆசிரியை. வேலைக்குப் புதியவளான நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டி, அதையே அந்தத் தாயிடம் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் இருந்த வார்த்தைகளும் போயின. பதறிப்போய் அவர்கள் வீட்டுக்கே போனேன். தறியில் கோர்வைச் சேலை; உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து இணைப்பது. கணவர் சேலையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து மனைவி கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை வீச வேண்டும். குரல் கொடுத்துக்கொண்டே செய்கிற வேலை அது. அங்கேயோ தறிச் சத்தம் மட்டும்தான். இருவரும் கையால் சைகை செய்தார்கள். குழந்தையும் விரலை ஆட்டிக் காட்டியது.

"அவளுக்குத் தமிழ் வரல மேடம். தெலுங்கு கூடாதுன்னீங்க. அதான் பாப்பா எதிர்ல கையக் காட்டிக்கினு கெடக்குறோம்" என்றார் கணவர்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "நான் சொன்னது தப்புமா. தெலுங்குலயே பேசு, ஓயாம பேசு" என்றேன். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? அதனால் பயிற்சியைத் தறியருகிலேயே வைத்துக்கொண்டேன். என் ஓட்டைத் தெலுங்கில் நூலின் நிறங்களைக் கேட்பேன்; அவள் சிரித்துச் சிரித்துத் திருத்துவாள். திருத்தத் திருத்தத் தாய்க்குப் பேச்சு திரும்பியது. வீட்டில் தெலுங்கே பேசட்டும் என்று பள்ளிக்கும் போய்ச் சண்டை போட்டேன்.

ஒருநாள் அப்பா கவனிக்கும் முன்பே குழந்தை கத்தியது: "அம்மா, போகு தெகிந்தி!" இழை அறுந்துவிட்டதாம். அறுந்த இழையை யாரும் பார்க்கவில்லை. தாய் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

பின்னாலேயே தமிழும் வந்தது. பள்ளி ஆண்டு விழாவில் குழந்தை தமிழில் கதை சொல்லி மேடையிலிருந்து இறங்கியதும், அதே ஆசிரியை தாயிடம் கேட்டார்: "பரவால்லயே! மேடம் நல்லா கத்துக்குடுத்துட்டாங்க போல?"

தாய் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "இல்ல மிஸ். நான் பேசினேன். தெலுங்கு" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை.