பவர் கம்மி

என் கடை மேசையின் ஓரத்தில் ஒரு துணி உறை கிடக்கிறது. பழைய பாத்திக் சாரோங்கை வெட்டி, நடுவில் போர்வைத் துணியை இரண்டாக மடித்து வைத்துத் தைத்தது. திரைக்கு ஒரு பை, அடிப்பாகத்துக்கு ஒரு பை, விசைகள் வெளியே தெரிய சன்னல் மாதிரி ஒரு வெட்டு, பக்கவாட்டில் பித்தான்கள். கடைக்கு வருகிறவர்கள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் தைத்ததா என்று கேட்பார்கள். இல்லை, லாப்டாப்புக்குத் தைத்த பாஜு என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. லாப்டாப்புக்குச் சட்டை தைத்துப் போட்டதை முதன்முதலில் பார்த்த அன்றைக்கு நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள்தான். தைத்தவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

தம்பினிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், தொழிலாளிகளுக்கென்று கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று அக்காவுடையது. இளம் வயதில் அதே தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தார். விடியற்காலையில் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப்போகிற பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, ஏணையில் போட்டு ஆட்டுகிற வேலை. தோட்டத்தில் நம் ஆட்கள் குறைந்து கொட்டகையைப் பூட்டிய பிறகு, கம்பெனி வேன் ஏறி நீலாயில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். அக்காவின் கணவரை நான் அண்ணன் என்பேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். தொண்டை என்றால் அது தொண்டை! லோரியில் உட்கார்ந்தபடி ஒரு குரல் கொடுத்தால் அந்தக் கோடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்த மனிதர் ஒரு நாள் காலை குளியலறையில் விழுந்தார். ஸ்ட்ரோக். வலது பக்கம் போனது, கூடவே குரலும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது அவரிடம் மிச்சமிருந்தது 'ம்... ம்' என்று ஒரு முனகல்தான். பக்கத்தில் ரேடியோ பாடினால்கூட அது கேட்காது.

அக்கா தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டார். சம்பளமில்லாத லீவை எவ்வளவு காலம் தருவார்கள்? குடும்பம் கூடிப் பேசியது. சிரம்பானில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை; அக்கா படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல் சொன்னார். அண்ணனுக்கு ஊட்டச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை. "ஊருப் பிள்ளைங்க அத்தனையும் வச்சுப் பாத்தேன்லா. என் வீட்டு ஆள மட்டும் கொண்டுபோய் விடணுமா?" என்றார். ஜொகூரில் இருக்கும் அவருடைய மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். கோலாலம்பூரில் ஒரு கம்பெனி, தமிழ்ப் பேச்சுகளையும் பேட்டிகளையும் ஒலிப்பதிவாக அனுப்பும். வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். கோயில் கமிட்டி நோட்டீஸ் எல்லாவற்றையும் பல வருடமாக அடித்துக் கொடுத்தவர் அக்கா. தமிழ்த் தட்டச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு வாரம் சோதனைக்கு வேலை தருவார்கள். சொன்ன நேரத்துக்கு முடித்துக் கொடுத்தால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் அக்கா மறுபடி வேன் ஏற வேண்டும், அண்ணன் சிரம்பானுக்குப் போக வேண்டும்.

நான் அப்போதும் அம்பாங்கானில் இதே கம்ப்யூட்டர் கடையில்தான் இருந்தேன், விற்கும் ஆளாக. இந்தத் தொழிலில் எனக்கு ஒரு தீராத எரிச்சல் உண்டு. கடிதம் அடிக்கவும் சீரியல் பார்க்கவும் வாங்க வருகிறவர் தலையில் கேம் விளையாடுகிற மெஷினைக் கட்டிவிடுவார்கள். காய்கறி வாங்கப் பாசாருக்கு லோரி எடுத்துக்கொண்டு போவதா? சின்ன லாப்டாப்புகளில் இருக்கும் சில்லு, அதாவது சிப், மின்சாரத்தை அளந்துதான் குடிக்கும். ஒரு சின்ன பல்புக்குப் போகிற கரண்ட் அதற்குப் போதும். வீடியோ வெட்டி ஒட்டுவதற்கும் கனமான விளையாட்டுக்கும் அது லாயக்கில்லை, உண்மைதான். ஆனால் ஒரு பதிவைக் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்யத் தாராளமாகப் போதும். பேட்டரி வெகுநேரம் நிற்கும். மழை அடித்தால் கரண்ட் போகிற தோட்டத்து வீட்டுக்கு அது பெரிய விஷயம். சூடு கொஞ்சம்தான் என்பதால் சில மாடல்களில் உள்ளே கிப்பாஸ்கூட வைப்பதில்லை. சுற்றுகிற விசிறி இல்லாததால் சத்தம் துளியும் வராது. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் அக்காவுக்கு எடுத்து வைத்தேன்.

அக்கா அதைத் தூக்கிப் பார்த்தார். "என்ன புள்ள இவ்வளோ லேசா இருக்கு? உள்ள ஏதாச்சும் இருக்கா, இல்லையா?" என்றார். "இது பவர் கம்மிக்கா. பெரிய வேலை எதுவும் குடுக்காதீங்க. உங்க வேலைக்குப் போதும்" என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தேன். எங்கள் கடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாயில் வருகிற வார்த்தை அது. அக்கா அந்த வார்த்தையையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது எனக்குத் தெரியாது.

வேலை ஆரம்பித்துச் சில நாளிலேயே போன் வந்தது. "புள்ள, நான் அடிச்சு முடிச்சுக் கைய எடுத்தப்புறம் எழுத்து ஒண்ணொண்ணா வருது. பேசறவரு கொழுக்கட்டைய வாயில வச்ச மாதிரி இழுக்கறாரு" என்றார் அக்கா. காலையில் நன்றாக ஓடுகிறதாம். போகப் போகப் படுத்துவிடுகிறதாம். அணைத்து வைத்தால் மறுபடி எழுந்திருக்கிறதாம். எனக்குத் தெரிந்ததையெல்லாம் போனிலேயே சொன்னேன். தேவையில்லாமல் திறந்திருப்பதை மூடுங்கள், அதை நிறுத்துங்கள், இதை அழியுங்கள் என்றேன். ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு நல்ல வாய்ப்பு. "நான் அப்பவே சொன்னேன்லா, அது பொம்மைன்னு" என்று வீட்டில் ஒரே பாட்டு. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆத்திரத்தைவிடப் பயம் அதிகம். சோதனைக் காலம் பாதி ஓடிவிட்டது, அக்கா அனுப்ப வேண்டியது மலையாகக் கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்த மெஷினால் அண்ணன் சிரம்பானுக்குப் போகப் போகிறாரே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர், தான் கேம் விளையாட வாங்கிய பெரிய லாப்டாப்பைக் காரில் போட்டுக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் ரோஷம் பார்க்கவில்லை. எதிலாவது வேலை முடிந்தால் சரி. ஆனால் புதன்கிழமை போன் செய்தால், அக்கா திரும்பவும் சின்னதிலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்! சோதனை முடிய வெள்ளிக்கிழமைதான் பாக்கி. கடையில் சொல்லிவிட்டு அப்போதே தம்பினுக்குக் கிளம்பினேன்.

பெரியது மூலையில் பைக்குள் கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு அக்கா அதை எடுத்து மேசையில் வைத்து ஒரு பதிவை ஓடவிட்டார். தூசி ஏறிய பழைய மெஷின், தகரக் கூரைக்குக் கீழே நண்பகல் வெக்கை வேறு. கொஞ்ச நேரத்தில் உள்ளே கிப்பாஸ் இரண்டும் சுற்ற ஆரம்பித்தன. கடையில் அந்தச் சத்தம் என் காதில் ஏறுவதே இல்லை. அந்தச் சின்ன முன்னறையில் புல் வெட்டுகிற மெஷின் மாதிரி கேட்டது. "வேகந்தான் புள்ள, இல்லன்னு சொல்லல. திங்கக்கிழம மளமளன்னு அடிச்சேன். அடிச்சு முடிச்சு உள்ள போய்ப் பாத்தா, மனுசன் நாற்காலியிலேருந்து சரிஞ்சு கீழ கெடக்காரு. எவ்வளோ நேரமாக் கூப்பிட்டாரோ. எனக்குக் கேக்கல. அவரு கன்னமெல்லாம் கண்ணீரு." சொல்லும்போதே அக்காவுக்குக் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அக்கா எப்போதும் ஒரு காதில்தான் ஹெட்போன் மாட்டுவார். மற்ற காது அண்ணனுக்கு. அண்ணனுக்கான அந்தக் காதை இந்தக் கிப்பாஸ் அடைத்துவிட்டது. பெரிய மெஷின் வேண்டாம் என்று அக்கா முடிவெடுத்ததில் நான் எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னதைக் காட்டுங்கள் என்றேன். படுக்கையறைக்குப் போய் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அப்போதுதான் அந்தப் பாஜுவை முதன்முதலாகப் பார்த்தேன். எல்லாப் பித்தானும் போட்டு, விசைகளைத் தவிர மற்ற இடமெல்லாம் மூடி, அடியில் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி ஒரு தலையணை. "ஐயோ, என்னக்கா இது?" என்றேன். "நீதான புள்ள சொன்ன, இது பவர் கம்மின்னு" என்றார் அக்கா. ஆயாக்கொட்டகையில் நோஞ்சானாகப் பிறந்த பிள்ளைகளைப் பவர் கம்மி என்றுதான் சொல்வார்களாம். அந்த மாதிரிப் பிள்ளைக்குக் காற்று படக் கூடாது, துணி சுற்றி வைக்க வேண்டும், நடுநடுவே தூங்க விட வேண்டும். அக்கா ஒன்றுவிடாமல் எல்லாம் செய்திருக்கிறார். அது அசந்து போகும்போதெல்லாம் மேலே ஒரு துண்டையும் சேர்த்துப் போர்த்தியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. முறைத்துப் பார்த்த அக்காவும் கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டார். உள்ளறையில், திறந்த கதவு வழியாகத் தெரிந்த அண்ணனுக்கு இடப்பக்க உதடு மட்டும் மேலே போனது.

கிப்பாஸ் இல்லாத மெஷினுக்கு அதன் உடம்புதான் கிப்பாஸ். உள்ளே உண்டாகிற சூடு அடித்தகடு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். போக வழியில்லாவிட்டால், கருகிப் போகாமல் இருக்கச் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பித்தானைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல். இதையெல்லாம் அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, "இது குளிர்ல நடுங்கற பிள்ள இல்லக்கா. காய்ச்சல்ல கெடக்கற பிள்ள" என்றேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அடப் பாவமே, காய்ச்சக்காரப் பிள்ளையவா போத்தி போத்தி வச்சேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு, சப்பாத்தி தேய்க்கிற பளிங்குப் பலகையைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். அதன்மேல் லாப்டாப்பை வைத்து, சூடு இறங்கும்வரை விட்டு, மறுபடி போட்டோம். விரல் பட்டதும் எழுத்து விழுந்தது. அக்கா ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு அடிக்க உட்கார்ந்தார்.

அன்றைக்கு மிச்சப் பொழுது முழுவதும் நான் உள்ளறையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டேன். கஞ்சி கொடுத்தேன், வாய் துடைத்துவிட்டேன். சாயங்காலம் நான் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் தட்டச்சு நின்றது. அக்கா எழுந்து வந்து, அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நழுவியிருந்த தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் போனார். அண்ணன் கூப்பிட்டது பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே கேட்கவில்லை. முன்னறையில் இருந்தவருக்குக் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பதிவையும் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து வேலை உறுதி என்று சொன்னார்கள். என் வீட்டுக்காரர் தன் பெரிய மெஷினை வாயை மூடிக்கொண்டு திருப்பி எடுத்து வந்தார். நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணன் சிரம்பானுக்குப் போகவே இல்லை. கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தார். அந்தச் சின்ன லாப்டாப்பும் பளிங்குப் பலகையில் உட்கார்ந்து உழைத்துக்கொண்டே இருந்தது; பாஜு, வேலை முடிந்து மூடி வைக்கும்போது மட்டும் தூசிக்காகப் போட்டுக்கொள்கிற உடுப்பானது. மலிவு மெஷின் எவ்வளவு காலம் வரும் என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். எது வேகம் என்று சண்டை போடுகிறவர்களிடம், எந்த வேலைக்கு, எந்த வீட்டுக்கு என்று முதலில் கேட்பேன்.

அண்ணன் போன வருடம் இறந்தார். போன மாதம் அக்கா கடைக்கு வந்தார். லாப்டாப் மூடியின் கீல் உடைந்துவிட்டது, பேட்டரியும் வீங்கிவிட்டது. இனி அதைச் சரி செய்வது வீண். கேட்காமலேயே நான் உள்ளே போய் அதே ரகத்தில் புதியதாக ஒன்றை எடுத்து வந்தேன். கிப்பாஸ் இல்லாதது, முந்தியதைவிட வேகம். அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கமே தள்ளி வைத்தார். "கிப்பாஸ் உள்ளதாப் பாத்துக் குடு புள்ள" என்றார். வேகம் வேண்டும் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, உங்க வேலைக்கு இதுவே தாராளம்க்கா, அது சும்மா சத்தம்தான் போடும் என்றேன்.

அக்கா பழையதன் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பாஜுவை உருவி, மடித்து என் மேசை ஓரத்தில் வைத்தார்.

"போட்டாப் போடட்டும் புள்ள. இனிமே என்னை யாரு கூப்பிடப் போறா?"