கயிற்றில் தொங்கும் சிலிண்டர்

காய்கறிக் கடையில் தராசைக் குனிந்து பார்க்கிற ஆள் நான். பெட்ரோல் போட்டால் மீட்டரில் சைபரைப் பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்துவேன். என் தம்பி எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சந்தேகப் பிராணி'. யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட எனக்கே நடந்தது இது. ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நானும் தம்பியும் ஆளுக்கொரு முதுகுப் பையோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தோம். எட்டுப் பேர் படுக்கும் அறையில் தங்கல், இரண்டு வேளை பன். மிச்சம் பிடித்த காசெல்லாம் கடலுக்குள் இறங்கத்தான். அந்தக் கடற்கரையிலேயே மலிவான டைவிங் கடையைத் தேடிப் பிடித்து, அங்கேயும் பேரம் பேசினேன்.

"இதுக்கு மேல குறைக்க முடியாதும்மா," என்றார் கடைக்காரர். "வேணும்னா கயித்துல தொங்கவிடற சிலிண்டரை விட்டுடலாம். அந்தக் காசைக் கழிச்சுக்கறேன்."

மேலே வருவதற்கு முன், ஐந்து மீட்டர் ஆழத்தில் சற்று நேரம் நிற்க வேண்டும். அப்போது யாருக்காவது காற்று தீர்ந்தால் உதவட்டும் என்று, படகிலிருந்து ஒரு சிலிண்டரைத் தொங்கவிடுவார்கள்.

"எனக்கு எப்பவும் பாதிக் காத்து மிச்சம் இருக்கும். கழிச்சிடுங்க."

அவர் கடலைப் பார்த்தார். "ஒரு நாள்தானே..." என்று முணுமுணுத்தார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

மாலை 5:40. இறங்கினோம். முன்னால் கடைக்காரர், அடுத்து தம்பி, கடைசியில் நான். இறங்கும் முன் காற்று மீட்டரை இரண்டு முறை பார்த்தேன். முழு சிலிண்டர்.

5:52. முள் பாதிக்கும் கீழே.

அரை சிலிண்டரைத் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். மீட்டரிலேயே தில்லுமுல்லு! நீந்திப் போய்க் கடைக்காரரிடம் காட்டினேன். என் முதுகுப்பக்கம் டார்ச் அடித்துத் தேடினார். எங்கும் கசிவு இல்லை.

மேலே போகலாம் என்று கட்டை விரலைக் காட்டினார்.

அப்போதுதான் கவனித்தேன். நான் மூச்சு விடும்போது குமிழிகள் போயின. விடாதபோதும்... போயின.

தண்ணீருக்குள் மூச்சை அடக்கக் கூடாது. அதுதான் முதல் பாடம். ஆனாலும் ஒரு நொடி அடக்கினேன்.

ஸ்ஸ்ஸ்... களக் களக்.

ஸ்ஸ்ஸ்... களக் களக்.

எனக்குப் பின்னால்.

துணைக்கு வந்தவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுக்க, வாயில் கவ்வி மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் எல்லோரிடமும் இன்னொன்று இருக்கும். மஞ்சள் நிறம். நெஞ்சில் மாட்டியிருப்போம். தொட்டுப் பார்த்தேன். அங்கே இல்லை. அதன் குழாய் என் வலது கைக்கு அடியில் பின்னால் போயிருந்தது. விறைப்பாக.

தம்பி முன்னால் இருந்தான். கடைக்காரரும் முன்னால்தான்.

குழாயைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை. பால் குடிக்கும் கன்றுக்குட்டி மடியை விடாத மாதிரி... ஒரு பிடி.

திரும்பினேன். யாரும் இல்லை.

முள் பூஜ்யத்தில்.

மூச்சை இழுத்தேன். வரவில்லை. தம்பி தன் மஞ்சள் ரெகுலேட்டரை என் வாயில் திணித்தான். ஏறினோம். ஐந்து மீட்டரில் நின்றோம்.

நின்றதும் தம்பியின் முள் சரசரவென்று இறங்கியது.

கடைக்காரர் எங்களைப் பிடித்து மேலே தள்ளினார்.

படகில் விழுந்ததும் கத்தினேன். "அரை சிலிண்டரைக் கொடுத்து எங்களைக் கொல்லப் பாத்தீங்களா?"

அவர் என் மஞ்சள் ரெகுலேட்டரை எடுத்துக் காட்டினார். வாயில் கவ்வும் ரப்பர் இரண்டாகக் கடிபட்டிருந்தது. எச்சில் படாத புதுசாக வேண்டுமென்று, அன்று காலை நானே கவர் பிரித்துப் போட்ட ரப்பர் அது.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகும் வழியில், வேறொரு கடை வாசலில் ஒருவர் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தார். நான் சும்மா விடுவேனா? கேட்டேன்.

"கயித்துல ஒண்ணு தொங்கவிடறீங்களே... அதை யாராச்சும் எடுப்பாங்களா?"

"இத்தனை வருஷத்துல ஒருத்தரும் தொட்டதில்லம்மா."

"அப்போ நிரப்பற வேலை மிச்சம்."

அவர் தலை நிமிரவில்லை.

"எங்க மிச்சம்? தினமும் காலியாத்தான் மேல வருது."