போனவர் வந்தாரா என்று பார்க்கும் வேலை

தன் வீட்டு வாசலில் நிற்கிற ஆளிடமே "வெளிநாட்டிலிருந்து வந்துட்டீங்களா?" என்று கேட்பதற்குச் சம்பளம் தருகிற வேலை ஒன்று உண்டு, எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் அதை நான்தான் பார்த்தேன்.

சேலத்தில் ஒரு டிராவல்ஸ். விருந்தாளி விசாவில் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்புவது தொழில். போகிறவர்கள் கெடுவுக்குள் திரும்புகிறார்களா என்று மெட்ராஸ் விசா ஆபீசில் கேட்கிறார்கள், திரும்பாதவர்கள் அதிகமென்றால் இனி நம் மனுக்கள் எடுபடாது என்றார் மேனேஜர். ஏற்காட்டுக்காரன் என்பதால் மலைப்பக்கம் என் தலையில் விழுந்தது. ஏழு கடல் தாண்டிப் போனவன் கதைகளை என் தாத்தா நிறையச் சொல்லியிருக்கிறார். எந்தக் கதையிலும் அவன் வந்தானா என்று சரிபார்க்க ஒருத்தன் பஸ் ஏறிப் போனதில்லை.

மேலே இருக்கிறவர் போட்ட கணக்குக்காக ஊராரிடம் நீங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டா? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள், மேலே படியுங்கள்.

சரஸ்வதியம்மாவின் அவசரம்

முதலில் போனது நாகலூர். அங்கே எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரின் மனைவி சரஸ்வதியம்மா. ஒரே மகள் கலாவைச் சிங்கப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கலாவுக்குத் தலைப்பிரசவம், மாமியார் இல்லாத வீடு. அம்மாவின் விசா மனு எங்கள் ஆபீசில் காத்துக் கிடந்தது. இந்த மலையிலிருந்து முன்னால் போனவர்கள் திரும்பியிருந்தால்தான் அது மெட்ராஸுக்குப் போகும்.

"அடுத்தவங்க வந்தாங்களா வல்லியான்னு பாத்துத்தான் என்னை உடுவாங்களா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, நீங்கள் அங்கேயே தங்கிவிட மாட்டீர்கள் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். கேட்கச் சொல்லியிருந்தார்கள். அந்தம்மா உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்த கணவரைக் கையால் காட்டினார்.

"அதா, அவருக்கு வென்னித்தண்ணி வெக்கக்கூடத் தெரியாது. இதைய உட்டுப்போட்டு நான் எங்க கண்ணு போய்த் தங்கறது?"

பூட்டு

மேனேஜர் என்னை அனுப்பியது மார்கழியில். காப்பிப் பழம் பறிக்கிற காலம். மலையில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம், சமவெளிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மாதங்களில் விடிந்ததும் கைக்குழந்தை உட்பட எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகள் முழுக்க வரிசையாகப் பூட்டு. நான் பனியில் நனைந்த செருப்போடு ஒவ்வொரு பூட்டாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். மேலே சரிவிலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க, ஆரைப் பாக்கறீங்க?" முருகேசன் என்பவரை என்றேன். இடுப்பில் பழக்கூடையோடு ஒரு ஆள் செடிகளுக்கு நடுவே கையை ஆட்டினார். "நாந்தானுங்க முருகேசன்! சிங்கப்பூர்ல தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு ஐப்பசியிலயே வந்துட்டனுங்க!"

சந்தோஷமாகச் சேலம் வந்து சொன்னேன். மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளை அவர் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். இரண்டு முறை போயும் பூட்டியிருந்தால் "திரும்பவில்லை" என்றுதான் எழுத வேண்டுமாம். பகலில் எல்லா வீடும் பூட்டித்தான் இருக்கும், விளக்கு வைத்த பிறகு போகிறேன் என்றேன். என் குரல் எப்போதுமே சன்னம். அன்றைக்கு அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஆபீஸ் நேரம் அஞ்சரை வரைக்கும்தான். அதுக்கு மேல ஊட்டுக்கு வர்ற ஆள் நம்ம கணக்குல வரமாட்டான் தம்பி."

தலைச்சோலையில் கேட்ட பாட்டு

தலைச்சோலையில் ஒரு வீடு திறந்திருந்தது. உள்ளே புது டேப் ரிக்கார்டரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் பேண்ட்டையும் கையிலிருந்த பையையும் பார்த்த வீட்டுக்காரர் முதலில் பாட்டை நிறுத்தினார், பிறகு அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டார். நான் கஸ்டம்ஸ் ஆள் என்று நினைத்துவிட்டார். சிங்கப்பூரிலிருந்து எப்போது வந்தீர்கள் என்றால், போகவே இல்லை என்கிறார். அவர் போட்டிருந்த பனியனில் சிங்கப்பூர் சிங்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நான் டிராவல்ஸ் ஆள், நீங்கள் வந்துவிட்டதாகச் சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சேலத்தையே சரியாப் பாத்ததில்லீங்க. வேணும்னா என்ற சம்சாரத்தையக் கேளுங்க, அவளும் என்கூடத்தான் வந்தா!"

செம்மநத்தத்துப் பெரியவர்

இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. செம்மநத்தத்தில் ஒரு பெரியவர் மூத்த மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போனார். அங்கே உடம்புக்கு முடியாமல் போயிற்று. இருந்து வைத்தியம் பார் என்று மகன் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், கெடு முடிய நாள் இருக்கும்போதே திரும்பிவிட்டார். வந்த கொஞ்ச நாளில் இறந்தார். இளைய மகன் என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், ஆரஞ்சு மரத்தடியில் அடக்கம் செய்த இடத்தைக் காட்டினார். அங்கே போட்டிருந்த பூ காயக்கூட இல்லை.

ஆளை நேரில் பார்க்காததால் அவரையும் மேனேஜர் "திரும்பவில்லை" என்று எழுதினார். செம்மநத்தத்து இளைய மகன் சொன்னதைச் சொன்னேன். பாரத்தில் அதைப் போடக் கட்டம் இல்லை என்றார். உங்களுக்காவது அப்படியே சொல்கிறேன்.

"எங்கப்பன் உசுரு இந்த மண்ணுலதான் போகோணும்னு ஓடி வந்தாருங்க. அவரையப் போயி வல்லைன்னு எழுதிப்போடாதீங்க சாமி."

டெலிபோன் வைத்த வீடு

ஏற்காட்டில் ஓட்டல் வைத்திருக்கிறவர் ஒருவர். அவர் மகன் போய் வருஷம் திரும்பிவிட்டது. அங்கேயே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்பது பஸ் ஸ்டாண்டில் கடலை வறுக்கிறவருக்குக்கூடத் தெரியும். நான் அந்த ஓட்டலுக்குக் கிளம்பியபோது மேனேஜர் தடுத்து, அங்கே டெலிபோன் இருக்கிறதே என்று நம்பரைச் சுழற்றினார். மறுமுனையில் யாரோ "தம்பி குளிச்சிட்டிருக்காரு" என்றார்கள். உடனே "திரும்பினார்" என்று எழுதி மைக்கு மேல் ஊதினார்.

மண்ணுக்குள் இருக்கிறவர் வரவில்லை, சிங்கப்பூரில் இருக்கிறவன் குளித்துக்கொண்டிருக்கிறான்! இது நியாயமா என்று கேட்டேன்.

"டெலிபோன் வெச்சிருக்கிறவங்க எதுக்குத் தம்பி பொய் சொல்லப் போறாங்க?"

நேரில் வந்தவர்கள்

பொறுக்க முடியாமல் சரஸ்வதியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தம்மா சத்தம் போடவில்லை. லைன் லைனாகப் போய் ஆட்களைத் திரட்டினார். ஒரு காலையில் முருகேசனும், தலைச்சோலைக்காரரும், இன்னும் பத்துப் பதினைந்து பேரும் முதல் பஸ்ஸில் சேலம் இறங்கி எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தார்கள். உட்காரப் பெஞ்சு போதவில்லை. தலைச்சோலைக்காரர் டேப் ரிக்கார்டரையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டார். கணக்கு நேற்றே மெட்ராஸுக்குப் போய்விட்டது, மலையிலிருந்து போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை என்று எழுதியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். சரஸ்வதியம்மா சுவரிலிருந்த விமானப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன்தான் கேட்டார்.

"ஏனுங்க, உங்க முன்னாலதான நிக்கறம்? இன்னும் எங்கிருந்துங்க நாங்க வரோணும்?"

மகளுக்குக் கெடு

சரஸ்வதியம்மாவின் மனு மெட்ராஸுக்குப் போகவே இல்லை. மலை மனுக்களை இனி அனுப்புவதில்லை என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார். கலாவுக்கு ஆஸ்பத்திரியில் துணையிருந்தது பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா என்று கேள்விப்பட்டேன். அந்த மாதமே நான் வேலையை விட்டேன்.

அடுத்த மார்கழியில் கலாவே குழந்தையோடு வந்தாள். கல்யாணத்துக்குப் பின் அந்த நாட்டுக்காரி ஆகிவிட்டதால், பிறந்த ஊருக்கு அவள் வந்ததும் விருந்தாளி விசாவில்தான். தங்குவதற்குக் கெடு போட்டிருந்தார்கள். பார்க்கப் போனேன். சரஸ்வதியம்மா பேரனுக்குக் கம்பளிக் குல்லா மாட்டிக்கொண்டிருந்தார். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"ஏங் கண்ணு, இவ கெடுவுக்குள்ள திரும்பிப் போனாளான்னு பாக்கறதுக்கும் ஆள் வருவாங்களா? வந்தா வெளக்கு வெச்சதுக்கு மேல வரச் சொல்லு, பகல்ல ஊடு பூட்டியிருக்கும்."

நான் பார்த்த வரைக்கும் போய்த் திரும்பாதது இரண்டே இரண்டுதான்: ஒன்று, இன்னும் குளித்துக்கொண்டிருக்கிற ஓட்டல்காரர் மகன், இன்னொன்று, சேலத்திலிருந்து மெட்ராஸுக்குப் போன எங்கள் கணக்கு.