மேற்குப் பார்த்த முகம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிவாசலில் மய்யித்துகளைக் குளிப்பாட்டுகிறவர் பிச்சை முகம்மது. பிணம் தொட்டுத் தொட்டு மனசு மரத்துப் போன மனிதர். வேதக்கோயில் உபதேசியார் மாசிலாமணியோடு மட்டும் இருபது வருஷமாக வாதாடுவார்.

"ஒங்க இயேசு எங்களுக்கு ஈசா நபிதான்வே, கடவுளோட மகன் இல்ல."

உபதேசியார் சிரிப்பார். "ஒம்ம மாதிரியே சொன்ன கிறிஸ்தவங்க ஆதியில இருந்தாகளாம். யூதங்க. எருசலேமைப் பாத்துத்தான் தொழுவாகளாம்."

"அவிய இப்ப எங்க?"

"ஒருத்தரும் இல்ல."

1901 கோடையில் உபதேசியார் வாந்திபேதியில் செத்தார். சபையார் ஜெபிப்பதாகச் சொல்லியனுப்பினார்கள், ஆள் வரவில்லை. பெட்டி செய்ய ஆசாரியும் வரவில்லை. பிச்சை முகம்மது போனார். ஜமாஅத்தில் முகம் சுளித்தவர்களிடம், "நேசத்துல நமக்கு நெருக்கம் கிறிஸ்தவங்கன்னு குர்ஆன்லயே இருக்கு" என்றார். தாமே குளிப்பாட்டிக் குழியில் இறக்கினார். அழுகை வரவில்லை. மண் தள்ளப் போகும்போதுதான் கவனித்தார்: கைப்பழக்கத்தில் முகத்தை மேற்கே, மக்காவை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி, மாத்திருதேன்" என்றார் உபதேசியாரின் மனைவி ஞானப்பூவிடம்.

அவள் குழியைப் பார்த்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. எருசலேமும் அந்தப் பக்கந்தான். மண்ணைத் தள்ளுங்க."