பாவாடைக்குள் முழங்கால் இருந்த இடம்

போன சனிக்கிழமை மாலை சரியாக மூன்று நாற்பதுக்கு சாப்ட்பால் நடுவர் என் மகளை அவுட் என்றார். வேலியை ஒட்டி நின்ற நான், "சார், பந்து அவ முட்டுக்குக் கீழல்லா போச்சு" என்று கத்திவிட்டேன். அவர் என்னை மைதானத்துக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். மகள் இன்னும் என்னோடு பேசவில்லை.

கேட்டருகே ஒரு உப்புச் சாக்கு கிடந்தது. அந்த ஈர வாடை பட்டால் போதும், நான் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவேன். எழுபதுகளில் எங்கள் தூத்துக்குடிப் பள்ளியில் பேஸ்பாலின் தங்கையான சாப்ட்பால் ஆடினோம். ஓடிப்போய் நிற்கும் பேஸுக்கு உப்புச் சாக்குதான். அக்குளுக்கும் முழங்காலுக்கும் நடுவே வந்தால் நல்ல பந்து. அதை மூன்று முறை விட்டால் அவுட். மோசமான பந்து நான்கு வந்தால் சும்மாவே முதல் சாக்குக்கு நடக்கலாம். விதிப் புத்தகத்தில் படமே இருந்தது. படத்திலிருந்த வெள்ளைக்காரன் கால்சட்டை போட்டிருந்தான். நாங்களோ கணுக்கால் வரை பாவாடை.

கடைசி ஆட்டம். மூன்று சாக்கிலும் எங்கள் பிள்ளைகள், மட்டையோடு நான். மிச்சம் ஒரே பந்து. அது மோசமென்றால் நான் நடக்க, எல்லோரும் ஒரு சாக்கு நகர, மூன்றாம் சாக்குக்காரி ஓட்டமெடுத்து எங்களுக்கு ஜெயம், திருநெல்வேலிப் போட்டிக்கு ரயில். நல்லதென்றால் நான் அவுட், ஆட்டம் சமன், போன வருஷம் ஜெயித்த எதிரணியே போகும். நான் அதுவரை ரயிலேறியதில்லை.

பந்து வந்தது, போனது. (கண்ணை மூடியிருந்தேன் என்பதை மகளிடம் சொல்லவில்லை.) எனக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிற எதிரணிப் பெண், பிடித்த இடத்திலேயே கையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். கடல்காற்றில் என் பாவாடை உப்பி நின்றது. நடுவராக நின்ற, புதிதாக வந்த டிரில் மாஸ்டர் துறைமுகத்துக் கப்பலைப் பார்த்தபடியே கேட்டார்: "முட்டு எங்கனம்மா இருக்கு?"

"இங்கன சார்." உள்ளதைவிட ஒரு சாண் மேலே காட்டினேன்.

"ஏளா, அது முட்டுன்னா நீ கொக்குளா" என்றாள் பின்னால் இருந்தவள், கை அசையாமல்.

எங்கள் எல்லோருக்கும் பாவாடை தைத்த டெய்லர் அண்ணாச்சிக்கு ஆள் போனது. அப்போதெல்லாம் வளருகிற பிள்ளை என்று பாவாடையில் மடிப்பு வைத்துத் தைப்பார்கள், பிறகு பிரித்து நீட்டிக்கொள்ள. என் பாவாடையின் மேல் மடிப்பு முட்டுக்கு நேர் என்று எனக்குத் தெரியும். பந்து பிடித்தவள் கையோ அதற்கு இரண்டு விரற்கடை கீழே. மனசுக்குள் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேவிட்டேன். அந்த மடிப்பு இன்று எந்தப் பிள்ளைக்கும் இல்லை. பாவாடையே இல்லை.

ஒருவழியாக அண்ணாச்சி வந்தார். கழுத்து டேப்பைத் தொடவேயில்லை. கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்த விளிம்பைப் பார்த்தார்.

"மேல் மடிப்பு முட்டுக்கு நேராத்தான் வச்சேன், சார். ஆனா அது பள்ளிக்கூடம் தொறந்தப்ப தச்சது. முட்டு இப்ப மடிப்புக்கு மூணு விரக்கடை கீழ எறங்கியிருக்கும்" என்றார். அவள் கை இரண்டு, என் முட்டு மூன்று: பந்து நல்லதாகிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு, "பிள்ள வளந்துட்டால்லா."