கரை சேராத கப்பல்

நியூ ஜெர்சியின் எடிசன் ஊரிலிருந்து மன்ஹாட்டன் போகும் காலை ரயிலில், ஜன்னலோரம் அமரும் ஒருவர் எப்போதும் ஒரே துப்பறியும் நாவலைப் படிப்பார். நரைத்த மீசை, கழுத்தில் ஆபீஸ் பேட்ஜ். முதலாம் எலிசபெத் ராணி காலத்துக் கப்பலில் கேப்டன் கொலையாகும் கதை அது.

“கொலைகாரன் யாருங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தெரியாதுங்க. கப்பல் கரைக்கு வந்தா ஒருத்தனைப் பிடிச்சுத் தூக்குல போட்டுடுவாங்கல்ல? அதனால கடைசி சாப்டருக்கு முன்னாடியே ஸ்டாப் பண்ணிட்டு, மறுபடி முதல்லேருந்து படிப்பேன். பாவம்ங்க அந்தக் கப்பல் சமையல்காரன், ரொம்ப நல்ல மனுஷன்.”

குழப்பத்தோடு நானும் நாவலை வாங்கிப் படித்து முடித்தேன். தூக்கில் தொங்கியவன் சமையல்காரன்தான்.

மறுநாள் அவர் மீண்டும் முதல் பக்கத்தில் இருந்தார். தெரியாமல் நிறுத்துகிறாரா, தெரிந்துதான் நிறுத்துகிறாரா? என் பிரதியை அவர் கண்ணில் படாமல் பைக்குள் தள்ளினேன்.